இடப்பக்கம் பார்த்த கொக்கு

என் அருமை மாப்பிள்ளை சாமிக்கண்ணுவுக்கு,

நீ போய் எட்டு மாதம் ஆகிறது. இந்த எட்டு மாதத்தில் உன்னை நினைத்து அழுதிருக்கிறேன், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் இது அழுதுகொண்டு எழுதுகிற கடிதம் இல்லை. பல்லைக் கடித்துக்கொண்டு எழுதுகிறேன். நீ மட்டும் இப்போது எதிரில் இருந்தால் சட்டையைப் பிடித்து உலுக்கியிருப்பேன். அதற்கும் வழி வைக்காமல் போய்விட்டாய்.

முதலில் வீட்டுச் சேதி. கனகம் சௌக்கியம். உனக்குக் கட்டிக்கொடுத்தபோது என் தங்கைக்கு எவ்வளவு வாய் இருந்ததோ அவ்வளவும் இன்னும் இருக்கிறது. விழுப்புரத்தில் ரயில்வே குவார்ட்டர்ஸைக் காலி செய்யச் சொல்லிவிட்டார்கள். போன மாதம் நான் போய்ச் சாமான்களைக் கட்டி, அவளையும் பிள்ளைகளையும் திண்டிவனத்துக்கு என் வீட்டுக்கே அழைத்து வந்துவிட்டேன்.

சாமான் என்று பெரிதாகச் சொல்கிறேன். பாதிக்கு மேல் உன் கத்திகள்தான். நாற்பத்து மூன்று உறைக்கத்திகளை ஒரு மனுஷன் சேர்த்து வைப்பானா? திண்டிவனம் ஸ்டேஷனில் பெட்டியை இறக்கும்போது கயிறு அறுந்து பிளாட்பாரம் முழுக்கக் கத்தி. போலீஸ்காரர் ஒருவர் ஓடி வந்தார்.

"இதெல்லாம் இன்னாத்துக்கு சார்?" என்றார்.

"சேத்து வெச்சது" என்றேன்.

"சேத்து வெச்சு இன்னா பண்ணுவீங்க?"

இதற்கு நீதான் பதில் சொல்ல வேண்டும். பத்திரம் எழுதுகிறவன் என்று என்னை அவருக்குத் தெரிந்திருந்ததால் தப்பித்தேன். கனகம் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தாள். நீ போன பிறகு அவள் சிரித்து அன்றைக்குத்தான் பார்த்தேன். அதனால் அவளை ஒன்றும் சொல்லவில்லை.

பார்சல் ஆபீஸ் குமாஸ்தாவாகப் போனவன் பார்சலைப் பார்த்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். உன்னால் முடியவில்லை. விழுப்புரம் ஜங்ஷனில் நாலு பக்கத்திலிருந்தும் ரயில் வரும். வேட்டைக்குப் போகிற துரை, அவனுடைய பட்லர், மலைத் தோட்டத்து மேஸ்திரி என்று யார் இடுப்பில் தோல் உறை தொங்கினாலும் உன் கண் அங்கே போய்விடும். யுத்த காலத்தில் பட்டாளத்து வண்டிகள் நிற்க ஆரம்பித்ததும் உனக்குக் கொண்டாட்டம். வறுத்த மல்லாட்டை ஒரு கூடை, பலாப்பழம் ஒன்று என்று ஜன்னல் வழியாகக் கொடுத்துக் கத்தியை வாங்கிக்கொண்டு வருவாய்.

"மடக்குற கத்தியெல்லாம் ஜேபி சாமான் மச்சான். உறையில தூங்கிக்கினு கீது பாரு, அதான் கத்தி" என்பாய்.

ஊரில் எல்லோரும் கத்தியின் கூரைப் பார்ப்பார்கள். நீ மட்டும் அடியைப் பார்ப்பாய். அலகின் அடியில், கைப்பிடிக்கு ஒரு விரல் மேலே, கூர் தீட்டாமல் விட்ட ஒரு துண்டு இருக்கும். செய்தவன் தன் முத்திரையை அங்கேதான் வைப்பான். சிலது முழுப் பேரும் ஊரும், சிலது சாவி, மணி, மீன் என்று ஒரு படம். பட்டாளத்துக் கத்தியானால் ஓர் அம்புக்குறியும் நம்பரும். அமிலத்தால் எழுதின முத்திரை மேலாக நிற்கும், உளி வைத்து அடித்தது உள்ளே இறங்கியிருக்கும், விரலால் தடவினாலே தெரியும் என்று எனக்குச் சொல்லிக்கொடுத்தவன் நீ. மெல்லிய காகிதத்தை முத்திரைமேல் வைத்துப் பென்சிலால் தேய்த்து, படம் விழுந்ததும் நோட்டில் ஒட்டிவைப்பாய். நம்மோடு ஒரே பெஞ்சில் படித்தவர்கள் எல்லாம் நிலம் வாங்கிக்கொண்டிருந்தபோது நாம் இரண்டு பேரும் இதைச் செய்துகொண்டிருந்தோம்.

என்னை இதில் இழுத்துவிட்டது அப்பாவின் கத்தி. உனக்குத் தெரியும், ஆனாலும் சொல்கிறேன், ஏனென்றால் வயிற்றெரிச்சல் அங்கேதான் ஆரம்பிக்கிறது. அப்பா சர்வே கோஷ்டியில் சங்கிலி பிடித்தவர். சீமைக்குத் திரும்பிப் போன ஒரு துரை தன் இடுப்புக் கத்தியை அவருக்குக் கொடுத்துவிட்டுப் போனான். பிடி உடைந்தபோது அப்பாவே கருவேலங்கட்டையில் ஒரு பிடி செதுக்கிப் போட்டுக்கொண்டார். கடைசி வரை இளநீர் சீவியதும் கயிறு அறுத்ததும் அதில்தான். அவர் போன பிறகு அது பரணில் துருப்பிடித்துக் கிடந்தது. நான் அதை ஏறெடுத்தும் பார்த்ததில்லை.

யுத்தம் வருவதற்கு மூன்று வருஷம் முன்னால், ஆயுத பூஜைக்கு முந்தின வாரம் நீ வந்தாய். பரணில் எதையோ தேடப் போய் அதை எடுத்தாய்.

"மச்சான், அடியில ஏதோ அச்சு கீது போலத் தெரியுது. எடுத்துக்கினு போய் சுத்தம் பண்ணிக் குடுக்கறேன்."

தீபாவளி கழித்துத்தான் கொண்டுவந்தாய். கத்தி கண்ணாடி மாதிரி இருந்தது. அடியில் ஒற்றைக் காலில் நிற்கிற கொக்கு ஒன்று, இடப்பக்கம் பார்த்துக்கொண்டு. அப்பா இருபது வருஷம் இடுப்பில் செருகியிருந்த கத்தியில் இப்படி ஒரு கொக்கு இருந்தது எனக்குத் தெரியாமல் போயிற்றே என்று நான் உருகிப்போனேன். நீ என் முகத்தைப் பார்க்காமல் காப்பியைக் குடித்துக்கொண்டிருந்தாய். காப்பி சூடு என்று நினைத்தேன்.

ஒன்று மட்டும் இடித்தது. அப்பா காலத்தில் மாதக்கணக்கில் கூர் நிற்கும். நீ கொண்டுவந்த பிறகு இரண்டு நாள் நிற்கவில்லை. பழைய எஃகு என்றால் அப்படித்தான் என்று நானே ஒரு சமாதானம் கண்டுபிடித்து, கேட்டவர்களுக்கெல்லாம் சொன்னேன்.

யுத்தத்தின்போது அதே கொக்கு முத்திரையோடு இன்னொரு கத்தி உன்னிடம் வந்தது. அதில் கொக்கு வலப்பக்கம் பார்த்தது. அடுத்த வருஷம் இன்னொன்று. அதுவும் வலப்பக்கம். எனக்குத் தலைகால் புரியவில்லை. ஆரம்பத்தில் அந்தக் கம்பெனிக்காரன் இடப்பக்கம் பார்க்கிற மாதிரி அடித்திருக்கிறான், பிறகு மாற்றியிருக்கிறான், அந்த முதல் கத்தி உலகத்தில் என்னிடம்தான் இருக்கிறது என்று ஒரு சித்தாந்தமே கட்டினேன். நீ தொண்டையைக் கனைத்தாய்.

"மச்சான், அது வந்து…"

"நீ சும்மா இரு மாப்பிள்ளை. உன் ரெண்டு கத்தியும் அப்புறம் வந்தது. பொறாமைப்படாதே" என்றேன்.

புதுச்சேரியில் ஒரு வைத்தியர் முத்திரைகளுக்கெல்லாம் பட்டியல் போட்டுக்கொண்டிருக்கிறார் என்று நீதான் சொன்னாய். நான் அவருக்கு நாலு பக்கம் எழுதினேன். பார்க்க வேண்டும், பட்டியலில் சேர்க்க வேண்டும் என்று அவர் பதில் போட்டார். அந்தக் கடிதம் வந்த சமயத்தில்தான் உனக்கு விஷக் காய்ச்சல். அதை எடுத்துக்கொண்டே உன் படுக்கைக்கு வந்தேன். நீ என் கையைப் பிடித்து, "மச்சான், அது வந்து…" என்றாய். பேசாதே, அலட்டிக்காதே, கனகத்தையும் பிள்ளைகளையும் நான் பார்த்துக்கொள்கிறேன் என்றேன். பிறகு அந்தக் கடிதத்தைப் படித்துக் காட்டி அரைமணி நேரம் கொக்கைப் பற்றிப் பேசினேன். நீ கேட்டுக்கொண்டே படுத்திருந்தாய்.

"நல்லா கீது மச்சான்" என்றாய். அதற்குப் பிறகு நீ என்னிடம் எதுவும் பேசவில்லை.

இப்போது சொல். பெட்டியைப் பிரித்து உன் நோட்டின் முதல் பக்கத்தை நான் பார்த்தபோது எனக்கு எப்படி இருந்திருக்கும்? அங்கே பென்சிலில் தேய்த்த ஒரு கொக்கு. துரு தின்ற, பாதி மங்கின கொக்கு. வலப்பக்கம் பார்க்கிறது. கீழே உன் கையெழுத்தில், 'மச்சான் அப்பா கத்தி.' பெட்டியின் அடியில் மஞ்சள் துணியில் சுற்றி விரல் நீள இரும்பு உளி ஒன்று. அதன் நுனியிலும் கொக்கு வெட்டியிருந்தது. சோப்புக் கட்டியில் வைத்து அழுத்திப் பார்த்தேன். சோப்பில் விழுந்த கொக்கு இடப்பக்கம் பார்த்தது.

நான் யார்? ரிஜிஸ்தர் ஆபீஸ் வாசலில் இருபது வருஷமாகப் பத்திரம் எழுதுகிறவன். கள்ளக் கையெழுத்து என்றால் என்னிடம் கொண்டுவந்து காட்டிக் கேட்பார்கள். என் வீட்டு அலமாரியில் கள்ள முத்திரை பதினொரு வருஷம் உட்கார்ந்திருக்கிறது, நான் வருகிறவர்களுக்கெல்லாம் விளக்கு வைத்துக் காட்டியிருக்கிறேன்.

ஆனால் மானம் போனதுகூட எனக்குப் பெரிதாகப் படவில்லை, மாப்பிள்ளை. அப்பாவின் கத்தி எங்கே என்பதுதான் பெரிதாகப் பட்டது. முத்திரை கள்ளம் என்றால் கத்தி மட்டும் எப்படி நிஜமாக இருக்கும்? நல்ல கத்தியை நீ வைத்துக்கொண்டு வேறொன்றில் அப்பாவின் பிடியை மாட்டி எனக்குக் கொடுத்துவிட்டாய் என்று நினைத்தேன். நாற்பத்து மூன்றையும் தரையில் பரப்பி ஒவ்வொன்றாகப் புரட்டினேன். அப்பா இடுப்பில் இருந்தது என்று எனக்கு மிஞ்சியது அது ஒன்றுதான். கனகத்தைக் கூப்பிட்டு, உன் புருஷன் அப்பா கத்தியை மாற்றிவிட்டான் என்று கத்தினேன். ஆமாம், உன்னைத் திருடன் என்றேன். எட்டு மாதத்துக்கு முன்னால் புருஷனைப் பறிகொடுத்தவளிடம் சொன்னேன்.

அவள் அழுவாள் என்று பார்த்தேன். அழவில்லை.

"எனக்கும் அவருதான் அப்பா. அந்தக் கத்திய எடுத்துக்கினு ஓடற ஆளா இவரு? அந்த வருஷம் ஆயுத பூஜை முடிஞ்சு மூணு வாட்டி வளவனூர் போய்ட்டு வந்தாரு. எதுக்குன்னு கேட்டா பார்சல் விஷயம்னாரு. வளவனூர்ல இன்னா பார்சலு? இங்க நின்னு கத்திக்கினு இருக்காம ஜல்தியா போய் அங்க கேளு."

மறுநாள் உளியையும் கத்தியையும் எடுத்துக்கொண்டு விழுப்புரம் போய், புதுச்சேரி வண்டி பிடித்து வளவனூரில் இறங்கினேன். கடைத்தெருவில் உளியைக் காட்டி, இது யார் வேலை என்று விசாரித்ததும் ஆசாரி வீட்டைக் காட்டினார்கள். கரும்பு வெட்டுகிற அரிவாள் ஒன்றை அவர் தட்டிக்கொண்டிருந்தார். உளியை நீட்டினேன். வாங்கிப் பார்த்துவிட்டுச் சுத்தியலைக் கீழே வைத்தார்.

"இது நான் வெட்டினதுதாங்க. பார்சல் ஆபீஸ் ஐயா கேட்டாரு. நீங்க அவரு மச்சானா?"

"ஆமாம்."

"நீங்க எப்பனா ஒரு நாள் வருவீங்கன்னு தெரியும். இவ்ளோ வருஷம் ஆவும்னு நினைக்கல."

அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். நீ சொல்லாததை அவர் வாயால்தான் நான் கேட்க வேண்டியிருந்தது.

"ஜங்ஷன் வாசல்ல ஒரு சாணைக்காரர் இருந்தாருங்க. பூஜைக்கு வெக்கிற கத்தி, நல்லா சுத்தமா பண்ணுப்பான்னு சொல்லிக் குடுத்துட்டு, வண்டி வந்துதுன்னு ஐயா உள்ள ஓடிட்டாராம். சாணைக்காரர் இன்னா பண்ணாரு, சாமிக்கு வெக்கிற சாமானாச்சேன்னு அடியிலேர்ந்து நுனி வரைக்கும் ஒரே இழைப்பா இழைச்சிட்டாரு. துருவும் போச்சு, முத்திரையும் போச்சு. ஐயாவுக்கு மூணு நாளா சோறு எறங்கலைன்னாரு. முத்திரை படம் வெச்சிக்கினு இருந்தாரு, அதக் காட்டி, இதே மாதிரி அடிச்சுக் குடுங்கன்னு கெஞ்சினாரு."

"நீங்க அடிச்சிட்டீங்க."

"முதல்ல முடியாதுன்னேன். தண்ணியில தோய்ச்சுக் கெட்டியான இரும்புல முத்திரை எறங்காதுங்க, விண்டுடும். பிடியக் கழட்டி, காய்ச்சி, அடிச்சு, திரும்பத் தோய்க்கணும். அப்புறம் கூரு பழைய மாதிரி நிக்காதுன்னும் சொன்னேன். பரவால்லைன்னாரு. படத்துல எப்படி இருந்துதோ அப்படியே உளியில வெட்டினேன். அடிச்சதுக்கப்புறம்தான் தெரிஞ்சுது, மூஞ்சி மாறிப்போச்சு. நம்ம அரிவாளுக்கு நான் மூணு புள்ளிதான் அடிப்பேன். அத எந்தப் பக்கத்துலேர்ந்து பாத்தாலும் மூணு புள்ளிதான். உளியில திருப்பி வெட்டினாதான் கத்தியில நேரா விழும்னு எனக்குப் புத்திக்கு எட்டலைங்க. இன்னொரு வாட்டி காய்ச்சினா கத்தி தாங்காது."

உன் கைராசி அப்படி. முத்திரையைக் காப்பாற்றப் போய்ச் சாணைக்காரரிடம் கொடுத்தாய், சாணைக்காரர் செய்ததைச் சரிபண்ணப் போய்க் கொக்கின் தலையைத் திருப்பிவிட்டாய்.

நான் கேட்க வந்ததைக் கேட்டேன். "இந்தக் கத்தி அந்தக் கத்திதானா?"

ஆசாரி யோசித்தார். "பிடியக் கழட்டினப்போ அதுக்குள்ள போற அலகு வால்ல ஏதோ கீறியிருந்துது. இதோ இப்படி" என்று உலைச் சாம்பலில் குறட்டின் நுனியால் வரைந்தார். மூன்று கோடு, குறுக்கே ஒன்று.

மாப்பிள்ளை, அப்பாவுக்கு எழுதத் தெரியாது. பத்திரத்தில் பேருக்குப் பக்கத்தில் அவர் போடுவது அந்தக் கீறல்தான். நம் நிலத்துப் பத்திரத்தில் இருக்கிறது, என் கல்யாணச் செம்பின் அடியில் இருக்கிறது. பிடியைச் செதுக்கிப் போட்டபோது உள்ளே கீறி வைத்திருக்கிறார். எனக்குத் தெரியாது, கனகத்துக்குத் தெரியாது, வளவனூர் ஆசாரிக்குத் தெரிந்திருக்கிறது. சாம்பலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். அவர் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்.

"அது பக்கத்துல என் மூணு புள்ளியும் அடிச்சேங்க. அடுத்தவன் முத்திரைய அடிச்சுட்டு என்னுத மறைச்சா அது திருட்டு ஆயிடும். மச்சான் பிரிச்சுப் பாத்தா தெரிஞ்சிடுமேன்னு ஐயா சொன்னாரு. தெரியட்டும்னேன். அப்புறம், சரி, தெரியட்டும், என்னால வாயத் தொறந்து சொல்ல முடியாதுன்னாரு." கத்தியை எடுத்துப் பிடியைத் தடவினார். "கழட்டிக் காட்டட்டுங்களா? ஆனா கட்ட அப்பவே கோடு விட்டுடுச்சு. இந்த வாட்டி கழட்டினா பொளந்துடும்."

மூலப் பத்திரத்தைப் பார்க்காமல் ஒரு வரி எழுதமாட்டேன் என்று ஊரெல்லாம் பேர் வாங்கியவன் நான். வேண்டாம், இருக்கட்டும் என்று சொல்லிக் கத்தியை உறையில் போட்டுக்கொண்டேன்.

வண்டியில் வரும்போது கோபம் திரும்பி வந்துவிட்டது. ஒரு வார்த்தை சொன்னால் என்ன? மிஞ்சிப்போனால் திட்டியிருப்பேன். ஒரு மாதம் பேசாமல் இருந்திருப்பேன். சரி, மூன்று மாதம். அதற்குப் போய்ப் பதினொரு வருஷம் நெஞ்சில் வைத்துக்கொண்டு திரிவதா? பிறகு, நீ எத்தனை தடவை 'அது வந்து' என்று ஆரம்பித்தாய் என்று எண்ணிப் பார்த்தேன். உன்னுடைய இரண்டாவது கொக்குக் கத்தி வந்தபோது. மயிலம் கோயில் படியில் உட்கார்ந்திருந்தபோது. உன் இரண்டாவது பிள்ளைக்குப் பேர் வைத்த அன்றைக்கு. கடைசியாகப் படுக்கையில். ஒரு தடவைகூட உன்னை நான் முடிக்கவிடவில்லை. விழுப்புரத்திலிருந்து திண்டிவனம் வருகிற வரைக்கும் யார்மேல் கோபப்படுவது என்று தெரியாமல் உட்கார்ந்திருந்தேன்.

புதுச்சேரி வைத்தியர் போன ஞாயிற்றுக்கிழமை வந்தார். உன்னை நினைத்து ஒரு நிமிஷம் பொய் சொல்லலாமா என்றுகூடப் பார்த்தேன். பிறகு எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். இடப்பக்கம் பார்க்கிற கொக்கு சீமையில் பிறந்ததில்லை, வளவனூரில் பிறந்தது என்றேன். மனுஷர் நாகரிகமானவர், சிரிக்கவில்லை. பட்டியலை மூடிவைத்துவிட்டு உன் மற்றக் கத்திகளைப் பார்த்தார். என் நாலு பக்கக் கடிதத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போனார். எனக்கு மானம் கப்பலேறியது. இதற்கும் நீதான் காரணம்.

உனக்கு வருஷம் திரும்பாததால் இந்தத் தடவை ஆயுத பூஜைக்கு வீட்டில் ஒன்றும் செய்யவில்லை. கத்திகளை மட்டும் நானும் கனகமும் உட்கார்ந்து எண்ணெய்த் துணியால் துடைத்தோம். சாணைக்காரர் தெருவில் கூவிக்கொண்டு போனார். இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். அப்பாவின் கத்தி அவள் கைக்கு வந்ததும் துடைப்பதை நிறுத்தினாள்.

"அண்ணே, அது வந்து…" என்றாள்.

எனக்கு வாய் வரைக்கும் வந்துவிட்டது. அழுத்தாதே, துரு இல்லை, உறையில் போடு என்று சொல்ல இருந்தேன். பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்தேன். அவள் சொல்லி முடிக்க எவ்வளவு நேரம் எடுத்துக்கொண்டாள் தெரியுமா? நீயும் இப்படித்தான் எடுத்துக்கொண்டிருப்பாய்.

"இத எனக்குக் குடுத்துடேன். உள்ள அப்பா கீறினது கீது. வெளிய இவரு பயந்துபோய் அடிக்க வெச்சது கீது. ரெண்டு பேரும் ஒண்ணா இருக்கிற சாமான் எங்கிட்ட வேற எதுவும் இல்ல."

கொடுத்துவிட்டேன், மாப்பிள்ளை. சுலபமாகக் கொடுத்தேன் என்று நினைத்துக்கொள்ளாதே. அலமாரியில் அது இருந்த இடம் காலியாகக் கிடக்கிறது. வேறு எதையும் அங்கே வைக்க மனசு வரவில்லை.

உன் நோட்டில் அந்த முதல் பக்கத்தின் கீழே நான் எழுதிவைத்துவிட்டேன். 'இடப்பக்கம் பார்த்த கொக்கு. அடித்தவர் வளவனூர் ஆசாரி. அடிக்க வைத்தவன் விழுப்புரம் சாமிக்கண்ணு. இந்த மாதிரி வேறொன்று கிடையாது.' கீழே கையெழுத்தும் போட்டிருக்கிறேன்.

இனி உனக்கு நான் கொடுக்கிற வாக்கு. அந்தக் கத்தியைக் கனகத்திடமிருந்து திருப்பிக் கேட்கமாட்டேன். வருஷாவருஷம் ஆயுத பூஜைக்கு என் கையாலேயே துடைத்துக் கொடுப்பேன், வேறு யார் கைக்கும் போகாது. இன்னொன்று, யார் 'அது வந்து' என்று இழுத்தாலும் அவர்கள் முடிக்கும் வரை வாயைத் திறக்கமாட்டேன். உனக்குச் செய்ய வேண்டியதை மற்றவர்களுக்குச் செய்கிறேன். ஒருவேளை நாம் மறுபடி எங்கேயாவது சந்தித்தால், நீ ஆரம்பி. நான் கேட்டுக்கொண்டிருப்பேன்.

பதினொரு வருஷம் உன்னைப் பேசவிடாத,
உன் மச்சான்
தணிகாசலம்